மன்னார்குடி நண்பருக்கு: பொமரேனியன் முடிச் சிக்கு

வரப்பில் ஓடிவிட்டு வரும் உங்கள் பொமரேனியன் நாய்க்குக் காதுக்குப் பின்னால் முடி சிக்காகிவிட்டது, வெயிலுக்கு மொட்டையே அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொட்டை வேண்டவே வேண்டாம். அதற்கு இரண்டு அடுக்கு முடி. ஒட்ட வெட்டினால் பழையபடி வளராமலே போகலாம், தோலும் வெயிலில் காயும்.

குளிப்பாட்டும் முன்பே சிக்கெடுங்கள், நனைந்தால் இன்னும் இறுகும். கொஞ்சம் கார்ன்ஃப்ளார் மாவு தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து வாருங்கள். பிரியாத முடிச்சை வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், தோலுக்கும் முடிச்சுக்கும் நடுவே சீப்பை நுழைத்து, அதற்கு மேலே வெட்டுங்கள். நான் சீப்பு வைக்காமல் ஒருமுறை காது மடலைக் கீறிவிட்டேன், பாவம்.

அப்புறம், பாதத்தடி முடியை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் குறையுங்கள். நடவுக்காலச் சேறு அங்கேதான் கட்டியாகும். நாயுருவி விதையும் உண்ணியும் விரலிடுக்கில் ஒளிந்துகொள்ளும்.