தாத்தாவின் கெம்பு

வணக்கம் ஐயா. தாத்தா 1950களில் ரங்கூனில் வாங்கிய கெம்பு மோதிரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. மொகொக் கல், அதாவது பர்மாவின் மொகொக் சுரங்கத்துக் கல், என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். பிடி தளர்ந்ததால் பட்டறையில் கொடுத்தோம். பார்த்தவர், "இது உலையில் செய்த கல்" என்று சொல்லிவிட்டார். பாட்டி அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. தாத்தா ஏமாந்துவிட்டாரா? கல்லை எப்படிச் செய்கிறார்கள்? இன்னும் செய்கிறார்களா?
- ஒரு வாசகி, யாங்கோன்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கல்லைப் பார்த்துவிடுவோம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி, மோதிரத்தை வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இசைத்தட்டில் இருப்பதுபோல வளைந்த மெல்லிய கோடுகளும் ஊசிமுனைக் குமிழிகளும் தெரிந்தால் பட்டறைக்காரர் சொன்னது சரி. மொகொக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகப் போய் மூலையில் திரும்பும். பட்டு இழை போல ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும்.

கோடு வளைவது ஏன்? பிரான்சின் வெர்னாய் 1902இல் வெளியிட்ட முறை அது. அலுமினியம் ஆக்சைடு பொடியில் துளி குரோமியம் கலந்து ஒரு டப்பாவில் வைப்பார்கள். சின்னச் சுத்தியல் தட்டத் தட்டப் பொடி உதிர்ந்து, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடரில் 2000 டிகிரிக்கு மேல் உருகி, கீழே உள்ள தண்டின் நுனியில் படியும். நுனி குமிழ்போல இருப்பதால் ஒவ்வொரு படிவும் வளைந்தே உறையும். சில மணி நேரத்தில் விரல் பருமனுக்குக் கல் தயார்.

பொருள் அதே பொருள்தான் அம்மா, சிவப்பும் அதே குரோமியம்தான். விற்றவர் மொகொக் விலை வாங்கியிருந்தால் தாத்தா ஏமாந்தார். விற்றவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம், அந்தக் காலத்தில் உலைக்கல் சந்தையில் தாராளம். தாத்தாவின் சாவி கொடுக்கும் கடிகாரம் இருந்தால் பாருங்கள். '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருந்தால், உள்ளே சக்கரங்களைத் தாங்குவது பெரும்பாலும் இதே உலைக் கெம்புதான்.

இப்போதும் செய்கிறார்கள், ஆனால் ஆர்வம் நகையில் இல்லை. குரோமியம் போடாத அதே கல்லை, நிறமற்ற நீலக்கல்லை, நூறு கிலோவுக்கு மேல் ஒரே கட்டியாக வளர்த்துத் தகடாக அறுக்கிறார்கள். கரண்ட் போனதும் நாம் தட்டுகிற எல்.ஈ.டி. விளக்கில் ஒளி தரும் காலியம் நைட்ரைடு அநேகமாக இப்படியொரு தகட்டின் மேல் வளர்ந்ததுதான். நீலக்கல், காலியம் நைட்ரைடு இரண்டிலும் அணு இடைவெளி ஒத்துவராது. பாவு ஒரு கணக்கு, ஊடை ஒரு கணக்கு என்றால் சேலை சுருங்காதா? 1986இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அகாசாகியும் அமானோவும் நடுவே அலுமினியம் நைட்ரைடு மென்படலம் ஒன்றைப் போட்டுச் சமாளித்தார்கள். 2014 நோபலில் நகமுராவோடு அவர்களுக்கும் பங்கு.

அப்படியும் அணு அடுக்கில் சதுர சென்டிமீட்டருக்குக் கோடிக்கணக்கில் பிசகுகள். விளக்கு பொறுத்துக்கொள்ளும், அதிக மின்சாரத்தைக் கையாளும் கருவிகள் பொறுக்காது. அதனால் காலியம் நைட்ரைடையே கட்டியாக வளர்க்கப் பார்க்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் அது உருகாது, சிதைந்துவிடும். எனவே உயரழுத்த அம்மோனியாவில் கரைத்து, விதைப் படிகத்தின் மேல் படிய விடுகிறார்கள். ஆமை வேகம்தான். எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

பிடியைச் சரிசெய்து மோதிரத்தைப் பாட்டி விரலிலேயே போட்டுவிடுங்கள். லென்ஸையும் ஒருமுறை அவரிடம் கொடுங்கள்.