மாத்திரையா, யூடியூப் பொடியா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 64. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தார். இரண்டு மாதம் முன்பு ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, 'இது கிட்னியைக் கெடுத்துடும்' என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது கூரியரில் வரும் ஒரு பொடிதான். செருப்பு கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. ஏதாவது சொன்னால், 'டாக்டர் ரெண்டு நிமிஷம்கூட பேசுறதில்ல, இவர் ஒரு மணி நேரம் விளக்கமா சொல்றாரு' என்கிறார். கேட்கக் கேட்க எனக்கே குழப்பமாகிவிட்டது. யாரைத்தான் நம்புவது? (வீடியோ இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.)
- வாசகி, தாராபுரம்

பதில்: யாரை நம்புவது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கால் புண்ணைக் கவனியுங்கள். சர்க்கரை உள்ள பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும்; வலி இல்லாததாலேயே புண் பெரிதாவது தெரியாது. விரலை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்த பலருக்கு இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பித்திருக்கிறது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் மாத்திரைப் பேச்சை எடுக்கவே வேண்டாம். 'புண்ணுக்கு மருந்து போட்டுட்டு வந்துடலாம் மாமா' என்று சொன்னால் போதும். ஆனால் மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆனதையும், பொடி சாப்பிடுவதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அந்தப் பொடி டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

இனி வீடியோ. முழுக்கப் பார்த்தேன். பேசுகிறவர் கனிவாகத்தான் பேசுகிறார். உங்கள் மாமனாருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. நடுவில் ஒருவருடைய இரண்டு லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, 210 இருந்த சர்க்கரை 128-க்கு இறங்கிவிட்டது என்கிறார். அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். முதல் ரிப்போர்ட் சாப்பிட்ட பிறகு எடுத்தது, இரண்டாவது வெறும் வயிற்றில் எடுத்தது. எந்த மருந்தும் இல்லாமலே ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இந்த இரண்டு எண்ணும் வரலாம். கடைசியில் பொடிக்கு ஆர்டர் கொடுக்க ஒரு போன் நம்பர் வருகிறது. சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று சொல்லி ஒரு மருந்தை விளம்பரப்படுத்துவதே நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சர்க்கரை நோயின் பெயர் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது.

கிட்னி பயம் மட்டும் முழுக்க ஆகாயத்திலிருந்து வந்ததல்ல, அதனால்தான் அது இவ்வளவு பேரைப் பிடித்துக்கொள்கிறது. மெட்ஃபார்மின் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். கிட்னி ஏற்கெனவே பழுதானவருக்கு அது உடம்பில் தேங்கும் என்பதால், டாக்டர்கள் அளவைக் குறைப்பார்கள், ஒரு கட்டத்தில் நிறுத்தியும் விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு என்ன தெரியும்? 'அவருக்குக் கிட்னி போச்சு, உடனே மாத்திரையை நிறுத்திட்டாங்க.' அதிலிருந்து, மாத்திரையால்தான் கிட்னி போனது என்று கதை திரும்பிவிடுகிறது. உண்மையில் கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி, புதிதாகச் சர்க்கரை வந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் கவனித்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தால் சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்குக் கண், கிட்னி போன்ற இடங்களின் சின்ன இரத்தக்குழாய்ப் பாதிப்பு குறைவாக இருந்தது. ஒரே ஒருவரின் இரண்டு ரிப்போர்ட்டை விட இதைத்தான் நான் நம்புவேன்.

நான் எதையும் நம்புவதற்கு முன் பார்ப்பது இதைத்தான்: சொன்னது தப்பாகப் போனால் சொன்னவர் பதில் சொல்வாரா? டாக்டர் தன் பதிவு எண்ணோடு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். கேள்வி கேட்க மருத்துவ கவுன்சில் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. வீடியோக்காரர் உங்கள் மாமனாரின் காலைப் பார்த்ததில்லை, நாளைக்கு அந்தச் சேனலே இல்லாமல் போகலாம். டாக்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு வைத்தியத்தில்தான் நம்பிக்கை என்றால், அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்கு எல்லா ரிப்போர்ட்டோடும் போகட்டும். அங்கேயும் பார்ப்பவர் படித்துப் பதிவு பெற்ற மருத்துவர். வெந்தயம், பாகற்காய் எல்லாம் சாப்பாட்டில் தாராளமாக இருக்கட்டும். மாத்திரையின் இடத்தில் வேண்டாம்.

அவரிடம் வீடியோவைப் பற்றி வாதாடாதீர்கள். வீம்புதான் ஏறும். 'மூணு மாச சர்க்கரை' டெஸ்ட் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள், கூடவே கிட்னிக்கான கிரியாட்டினினும். முதல் நாள் பட்டினி கிடந்து மூன்று மாதக் கணக்கை மாற்ற முடியாது. மாத்திரை சாப்பிட்ட காலத்துப் பழைய ரிப்போர்ட் வீட்டில் இருக்கும். இரண்டையும் அவர் கையிலேயே கொடுங்கள். ஒன்பது வருடம் மாத்திரை சாப்பிட்ட கிட்னி எப்படி இருக்கிறது என்பதையும் அவரே பார்க்கட்டும்.

டாக்டர் பேசுவதில்லை என்ற அவருடைய குறை நியாயமானது. அந்தக் கோபம்தான் அவரை வீடியோ பக்கம் தள்ளியது என்று நினைக்கிறேன். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது, கேள்விகளை அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்வது. 'இந்த மாத்திரையால் என் கிட்னிக்கு ஆபத்து உண்டா?' என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். உங்கள் கணவர் கூடப் போய், பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் பகுதியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமும் சொல்லி வையுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை அவர்கள் மூலமாகவே வரும். மாமனார் மாத்திரையைத் தொடர்கிறாரா என்று கேட்க வீட்டுக்கு வெளியே ஒரு ஆளும் இருப்பார்.