ரெஸ்பாண்டரின் இரண்டாவது கேட்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பார்ட்னர் 1 டயமண்டில் ஏலத்தைத் தொடங்கினார். 5 ஸ்பேட் சீட்டும் 4 ஹார்ட் சீட்டும் 14 புள்ளிகளும் (ஏஸ், ராஜா போன்ற பெரிய சீட்டுகளின் மதிப்பு) வைத்திருந்த நான் 1 ஸ்பேட் சொன்னேன். அவர் 1 நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்றார். நான் 2 ஹார்ட் கேட்டதும் பாஸ் சொல்லிவிட்டார். எளிதாக எடுத்திருக்கக்கூடிய 4 ஸ்பேட் ஒப்பந்தம் கைநழுவியது. ரெஸ்பாண்டர் (தொடங்கியவருக்குப் பதில் சொல்லும் பார்ட்னர்) புதிய சூட் சொன்னால் அது ஃபோர்சிங், அதாவது தொடங்கியவர் பாஸ் சொல்லக்கூடாது என்றுதானே கற்றிருக்கிறோம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டாண்டர்ட் அமெரிக்கன் ஏல முறைப்படி உங்கள் பார்ட்னர் செய்தது சரியே. நீங்கள் கற்ற விதி ரெஸ்பாண்டரின் முதல் கேட்புக்கு உரியது. 1 ஸ்பேட் சொல்லும்போது உங்களிடம் 6 புள்ளியும் இருக்கலாம், 18 புள்ளியும் இருக்கலாம் என்பதால்தான் ஓப்பனர் (ஏலத்தைத் தொடங்கியவர்) பாஸ் சொல்லக்கூடாது. முன்பே பாஸ் சொன்ன ரெஸ்பாண்டரின் புதிய சூட் ஃபோர்சிங் ஆகாததற்கும் இதுவே காரணம்: ஓப்பனிங் பலம் தன்னிடம் இல்லை என்பதை அவர் அறிவித்துவிட்டார்.

1 நோ டிரம்ப் என்றதும் நிலைமை மாறுகிறது. 12 முதல் 14 புள்ளிகள் கொண்ட சமநிலைக் கை (நான்கு சூட்டும் ஓரளவு சமமாகப் பிரிந்த சீட்டுகள்) என்று ஓப்பனர் தன் எல்லையைச் சொல்லிவிட்டதால், ஆட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு இனி உங்களுடையது. நோ டிரம்ப் ஆட விரும்பாத, 8 புள்ளியும் 5–4 பங்கீடும் கொண்ட கைக்குத் தப்பிக்க ஒரு வழி வேண்டும் அல்லவா? அந்த வழிதான் 2 ஹார்ட். ஓப்பனர் அதிலேயே நிற்கலாம், அல்லது 2 ஸ்பேடுக்குத் திரும்பலாம். மாறாக, அவர் 2 டயமண்ட் என்று தன் சூட்டையே மறுபடி சொல்லியிருந்தால், உங்கள் 2 ஹார்ட் ஒரு சுற்றுக்கு ஃபோர்சிங் ஆகியிருக்கும். பலவீனமான கை அங்கே பேசாமல் பாஸ் சொல்லிவிடும்.

உங்கள் 14 புள்ளியோடு அவருடைய குறைந்தபட்ச 12ஐக் கூட்டினால் 26, கேம் (4 ஸ்பேட் போன்ற, போனஸ் தரும் ஒப்பந்தம்) உறுதி. பழைய முறையில் 3 ஹார்ட் என்று தாவியிருக்கலாம். எனக்குப் பிடித்தது நியூ மைனர் ஃபோர்சிங்: இங்கே 2 கிளப் என்பது கிளப் சூட்டைக் குறிக்காமல், கையில் 3 ஸ்பேட் சீட்டோ 4 ஹார்ட் சீட்டோ உண்டா என்று கேட்கும் செயற்கைக் கேட்பு. 4 ஹார்ட் வைத்திருந்தாலும் குறைந்த பலமுள்ள ஓப்பனர் 1 நோ டிரம்ப் என்றே சொல்லியிருப்பார். அவர் 2 ஹார்ட் சொன்னால் அது ரிவர்ஸ் (தன் முதல் சூட்டைவிட உயர்ந்த சூட்டை இரண்டாம் மட்டத்தில் சொல்வது) ஆகி, ஏறத்தாழ 17 புள்ளிகளைக் காட்டிவிடும். ஆகவே இந்தக் கேள்வி வீணல்ல. ஆனால் இதைப் பார்ட்னரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உங்கள் 2 கிளப்புக்கும் அவர் பாஸ் சொல்லிவிடுவார்.