எடையின்மையில் விதை முளைப்பதை வீட்டில் செய்து காட்ட முடியுமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இஸ்ரோ விண்வெளியில் காராமணியை முளைக்க வைத்த செய்தியைப் படித்ததிலிருந்து, எடையின்மையில் செடி எப்படி வளரும் என்று பள்ளி அறிவியல் கண்காட்சியில் காட்ட ஆசைப்படுகிறாள். வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: எடையின்மையை வீட்டில் உண்டாக்க முடியாது. ஆனால் ‘கீழே’ எது என்று வேருக்குத் தெரியாமல் செய்துவிடலாம். கண்காட்சிக்கு அது அருமையான சோதனை.

வேர் நுனியின் செல்களுக்குள் கனமான மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. அவை எந்தப் பக்கம் படிகின்றனவோ, அந்தப் பக்கம் ஆக்சின் என்ற ஹார்மோன் கூடி வளர்ச்சி மட்டுப்படும். வேர் அங்கே வளையும். விண்கலத்தில் இந்த மணிகள் படிவதே இல்லை. வீட்டில் செடியை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால், அவை ஒரே பக்கம் தங்க முடியாது. இப்படிச் சுழற்றும் கருவிக்கு கிளைனோஸ்டாட் என்று பெயர்.

பாசிப்பயறை ஊறவைத்துத் துணியில் கட்டுங்கள். வேர் நேராக, ஒரு சென்டிமீட்டர் வந்த பயறுகளை மட்டும் எடுத்து, ஈரப் பஞ்சோடு ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் நகராமல் பொருத்துங்கள். அதை பேட்டரியில் ஓடும் கியர் மோட்டாரில், சக்கரம் போல நின்றவாக்கில் சுழலும்படி மாட்டுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வேண்டவே வேண்டாம், பக்கத்திலேயே ஈரம் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று போதும். வேகம் கூடினால் சுழற்சியே போலி ஈர்ப்பாகிவிடும்: மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி, நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் புவியீர்ப்பில் பாதிக்கு மேல்! 1806-இல் தாமஸ் நைட் என்ற ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் நீர்ச்சக்கரத்தில் விதைகளைக் கட்டி வேகமாகச் சுழற்றியபோது, வேர்கள் வெளிப்பக்கமாக வளர்ந்தது இதனால்தான்.

அப்புறம், இதே மாதிரி இன்னொரு டப்பாவைச் சுழற்றாமல் நிறுத்திவையுங்கள். இது இல்லாவிட்டால் சோதனையே இல்லை. இரண்டும் இருட்டில் இருக்கட்டும். வெளிச்சமும் செடிக்கு வழிகாட்டும். மறுநாள் காலையில் நின்ற டப்பாவில் எல்லா வேரும் கீழே வளைந்திருக்கும். சுழன்றதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போயிருக்கும்.

இந்தச் சோதனை காட்டாத ஒன்றும் உண்டு: தண்ணீர். எடையின்மையில் நீர் கீழே வடியாது, வேரைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். சூடான காற்று மேலே போகாததால் இலையைச் சுற்றிய ஈரமும் அங்கேயே நிற்கும். 2015 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வளர்ந்த ஜின்னியா செடிகளில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்தது. விசிறியின் வேகத்தைக் கூட்டி, மிஞ்சிய செடிகளை அங்கிருந்தவர்கள் காப்பாற்றினார்கள், ஜனவரியில் பூத்தது. நீங்கள் படித்த காராமணி, 2024 டிசம்பர் 30 அன்று பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டில் போனது. மொத்தம் 8 விதைகள், மூடிய பெட்டிக்குள்; நான்கே நாளில் முளைத்தன.

அதனால் அட்டையில் ‘எடையின்மை’ என்று எழுத வேண்டாம். ‘ஈர்ப்பின் திசையை மறைத்தல்’ என்று எழுதச் சொல்லுங்கள். நடுவர் கேட்டால், எடை அப்படியேதான் இருக்கிறது, திசைதான் மாறிக்கொண்டே இருக்கிறது என்று அவளே விளக்கட்டும்.