புற்றுநோய்க்குத் தடுப்பூசி: கட்டி எங்கே நழுவுகிறது?

கேள்வி: அக்கா, சளிக் காய்ச்சல் வைரஸைக்கூடக் கண்டுபிடிக்கிற எதிர்ப்புச் சக்தி, கட்டி வருஷக்கணக்கில் வளர்வதை எப்படி விட்டுவிடுகிறது?

பதில்: சும்மா விடுவதில்லை. முளையிலேயே அழிக்கிறது, முடியாததை அடக்கி வைக்கிறது. ஸ்கேனில் தெரியும் கட்டி, இதையெல்லாம் தாண்டி வந்தது. 2003இல் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஒரு சம்பவத்தை எழுதினார்கள். சிறுநீரகங்கள் தானமாகக் கிடைத்தது, 16 வருஷம் முன்பு மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து குணமானவராகக் கருதப்பட்ட ஒருவரிடமிருந்து. அவற்றைப் பெற்ற இருவருக்கும் மெலனோமா வந்தது. கொடுத்தவர் உடம்பில் அடங்கிக் கிடந்த செல்கள், எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்திருந்த உடம்புக்கு வந்ததும் தலைதூக்கிவிட்டன.

கேள்வி: தப்பிப்பது என்றால் ஒளிந்துகொள்ளுமா?

பதில்: அது ஒரு வழி. கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தன் புரதங்களைத் துண்டாக்கி, எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் பொருத்தி வெளியே காட்டும். ஒரு துண்டில் எட்டு, பத்து அமினோ அமிலம்தான் இருக்கும். எதிர்ப்புச் சக்தியின் வெள்ளை அணுக்களில் ஒன்றான கொல்லும் டி செல் அதைப் பார்த்துத்தான், அழிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும். சில கட்டி செல்கள் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சின்னப் புரதத்தின் மரபணுவை இழந்துவிடுகின்றன. அது இல்லாவிட்டால் எச்.எல்.ஏ. வெளியே வந்து நிற்காது. அப்புறம் டி செல் உரசிக்கொண்டு போனாலும் அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு வழி எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. டி செல் தாக்கும்போது இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். அதை உணர்ந்த கட்டி, பி.டி.-எல்1 என்ற புரதத்தை மேலே கொண்டுவந்து டி செல்லுக்கு பிரேக் போட்டுவிடும். தாக்குதலே தற்காப்பைக் கிளப்பிவிடுகிறது! இவை போக, எதிர்ப்பை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் கட்டி தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: சரி, ஊசி போட்டு டி செல்லைப் பெருக்கினால் போதாதா?

பதில்: அப்படித்தான் நினைத்தார்கள். 2004இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு, தாங்கள் தடுப்பூசி போட்ட 440 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. கட்டி சுருங்கியது 2.6 சதவீதம் பேருக்குத்தான். ரத்தத்தில் டி செல் பெருகியும் பலருக்குக் கட்டி அசையவில்லை. பிரேக் போட்டபடி இருக்கும்போது ஆள் சேர்த்து என்ன பயன்? ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்தாலும் சிக்கல்தான். அது இல்லாத செல்கள் பிழைத்துப் பெருகிவிடும்.

கேள்வி: மாடர்னா நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. (செல்லுக்குப் புரதம் செய்யச் சொல்லும் குறிப்பு) புற்றுநோய் ஊசியில் என்ன வித்தியாசம்?

பதில்: ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்கிறார்கள். அறுத்தெடுத்த கட்டியின் மரபணுவை அவருடைய சாதாரண செல்லோடு ஒப்பிட்டு, கட்டியில் மட்டும் உள்ள மாற்றங்களில் 34 வரை தேர்ந்தெடுத்து ஒரே எம்.ஆர்.என்.ஏ. இழையில் எழுதுகிறார்கள். பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிஸுமாப் மருந்தும் கூடவே போகிறது. அறுவைக்குப் பிறகு போடுவதால் மிச்சம் மீதிதான் எதிரி. 157 மெலனோமா நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில், பெம்ப்ரோலிஸுமாப் மட்டும் பெற்றவர்களைவிட ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 157 பேர் சின்ன எண்ணிக்கை. எச்.எல்.ஏ.வையே தொலைத்த செல்லிடம் 34 குறி இருந்தும் வேலைக்கு ஆகாது.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு நுரையீரலில் நான்காம் நிலை. வாட்ஸ்அப்பில் வருகிற வெளிநாட்டுத் தடுப்பூசியை வாங்கலாமா?

பதில்: பணம் அனுப்பிவிடாதீர்கள். இந்தத் தனிநபர் ஊசி பார்சலில் வரும் சரக்கு இல்லை. அப்பாவின் கட்டியைப் படிக்காமல் அவருக்கான ஊசியைச் செய்யவே முடியாது. பயாப்சியில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணுக்களையும் பி.டி.-எல்1 அளவையும் பார்த்தாயிற்றா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். முதல் இரண்டில் மாற்றம் இருந்தால் பெரும்பாலும் மாத்திரையில் தொடங்குவார்கள். பி.டி.-எல்1 அதிகமென்றால் பிரேக்கை விடுவிக்கும் மருந்தைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: அப்போது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. ஊசியும் நம்பிக்கையில்லையா? மகளுக்கு 11 வயது.

பதில்: அது வேறு கதை. கட்டி உருவாகும் முன்பே வைரஸைத் தடுக்கிறது, அதனால் இந்தத் தப்பித்தல் பிரச்சினையே அங்கில்லை. 9 முதல் 14 வயதுதான் சரியான நேரம். போட்டுவிடுங்கள்.