பேரனை மறுபடி ஏன் குத்துகிறார்கள்?

கேள்வி: என் மகள் லண்டனில் இருக்கிறாள். பேரனுக்கு ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். இப்போது சாம்பிள் சரியில்லை, மறுபடி எடுக்கணும் என்கிறார்களாம். பச்சைக் குழந்தையை எத்தனை தடவைதான் குத்துவது? ரத்தத்தில் ஏதோ கோளாறு என்பதை மறைக்கிறார்களோ? எங்கள் வீட்டில் யாருக்கும் சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) கிடையாது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மறைக்கவில்லை அம்மா. சிக்கிள் செல் போன்ற பிறவி நோய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் பிறந்த குழந்தைகளின் குதிகால் ரத்தத்தை ஓர் அட்டையில் சொட்டுச் சொட்டாக எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். சாம்பிள் சரியில்லை என்றால் அந்த அட்டையை நம்பி முடிவு சொல்ல முடியவில்லை என்றுதான் அர்த்தம். அட்டையில் நான்கு வட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரே சொட்டு தானாக விழுந்து பின்பக்கம் வரை ஊற வேண்டும். ரத்தம் வரவில்லையே என்று காலைப் பிழிந்தாலோ, காய்ந்த சொட்டின் மேல் இன்னொரு சொட்டு வைத்தாலோ, லேபில் துளைத்தெடுக்கும் சின்னப் பொட்டில் ரத்தம் கூடக்குறைய வந்து அளவு தப்பிவிடும். அட்டையில் குழந்தையின் எண்ணை எழுத விட்டுப்போனாலும், தபாலில் தாமதமானாலும்கூட மறுபடி எடுப்பார்கள். சில சமயம் முடிவு இரண்டும்கெட்டானாக இருந்தாலும் கூப்பிடுவதுண்டு, அதனால் காரணம் என்ன என்று மகளை நேராகவே கேட்கச் சொல்லுங்கள்.

தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சிக்கிள் செல் உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் கருவிலிருந்த ஹீமோகுளோபின் சில மாதம் காப்பாற்றும். அது குறையும்போது, கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் பழுதாகி, நிமோகாக்கஸ் கிருமி உயிரையே பறிக்கலாம். மூன்று மாதத்துக்குள் பெனிசிலின் தொடங்கினால் பெருமளவு தடுக்கலாம். 1986-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இந்தத் தொற்று 84 சதவீதம் குறைந்தது.

வீட்டில் யாருக்கும் இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அப்பா, அம்மா இருவருமே எந்தத் தொந்தரவும் இல்லாமல் இந்த நோயின் மரபணுவைச் சுமக்கலாம், அப்படியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. (இந்தியாவில் இந்த மரபணுவை முதலில் கண்டதே நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952-இல்.)

அப்புறம், எடுக்கும்போது பாதம் கதகதப்பாக இருக்கட்டும், மகள் பால் கொடுத்துக்கொண்டே பிடித்திருக்கட்டும், குழந்தை குறைவாகத்தான் அழும்.

குறைமாதமாகப் பிறந்து ரத்தம் ஏற்றினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்றியிருந்தால் அதை அவசியம் சொல்ல வேண்டும், கொடையாளியின் நல்ல ஹீமோகுளோபின் கலந்து நோயுள்ள குழந்தைகூட ஆரோக்கியமாகத் தெரியும். அதனால்தான் ஏற்றுவதற்கு முன்பே ஒரு சொட்டு எடுத்து வைப்பார்கள். அது எடுக்கப்படாமல் போயிருந்தால், டிஎன்ஏ பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.