ஸ்டீம் டெக்: ஓஎல்இடிக்கு மாறினால் திணறல் போகுமா?

கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கில் கேம் திணறுது, எல்சிடி திரை மாடலை விட்டு ஓஎல்இடி திரை மாடலுக்கு மாறலாமான்னு கேட்டிருக்கீங்க. திணறலுக்காக மட்டும் என்றால் வாங்காதீங்க. சிப்பின் வேகம் கிட்டத்தட்ட அதேதான். கூடுதலாகக் கிடைப்பது 7.4 அங்குல 90 ஹெர்ட்ஸ் திரையும் 40-க்குப் பதில் 50 வாட்-அவர் பேட்டரியும். திரை உண்மையிலேயே அருமை, ஆனால் அது வேறு கணக்கு.

உங்களுடையது 64 ஜிபி எல்சிடி, கேம்கள் மெமரி கார்டில். கேமில் புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் திணறுதுன்னா, சந்தேகம் கார்டு மேல்தான்.

1. அந்த ஒரு கேமை மட்டும் உள் சேமிப்பகத்துக்கு மாற்றி ஓட்டிப் பாருங்க. திணறல் போனால் கார்டுதான் காரணம்.

2. மூணு புள்ளி பட்டனை அழுத்தி, பேட்டரி படத்துக்குள் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயை (திரை மேல் வேக விவரம் காட்டும் வசதி) ஏற்றுங்க. ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 100 சதவீதத்திலேயே நின்றால் கிராபிக்ஸைக் குறைக்கணும்.

கார்டுதான் என்று தெரிந்தால் உள் சேமிப்பகத்தைப் பெரிதாக்க 2230 அளவு (22 x 30 மிமீ) என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது வேகமான சேமிப்பு அட்டை, போதும். பின்மூடியைக் கழற்றும் முன் மெமரி கார்டை உருவிடுங்க; மறந்தால் கார்டு ரெண்டாக ஒடியலாம்.